பின்லாந்து வாலிபரும் பனித்தரைப் போட்டியும்

நீர் உறைந்து கல்லாகிய தரையின்மேல், எஃகு அலகு பொருத்திய பாதரட்சை அணிந்து, வளைந்த மட்டை கொண்டு ஆடப்படுவது ஐஸ் ஹாக்கி. இதில் பந்து இல்லை. மூன்றங்குல விட்டமும் ஓரங்குலத் தடிப்பும் உள்ள கெட்டி ரப்பர் வட்டே பந்தின் தொழிலைச் செய்கின்றது. பக்கத்துக்கு அறுவர் களத்தில் நிற்பர். அவருள் ஒருவன் கோல் காப்போன். இவ்வாட்டத்தில் இருபது வயதுக்குட்பட்டோர்க்கென ஓர் உலகப் போட்டி 1977ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்று வருகின்றது. பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிவுறும்.

கனடா, ருஷியா போன்ற பெருந்தேசங்களின் வெற்றிகளைக் கேட்டு வியப்பார் இலர். ஏறக்குறைய ஐம்பத்தைந்து இலட்சம் மக்களே வாழும் பின்லாந்து ஐந்து முறை பொற்பதக்கம் பெற்றதே ஆராயத்தக்கது. அதனினும் விந்தையானது அவ்வணியின் ஏற்றத்தாழ்வு. 2013 முதல் 2019 வரை அது அடைந்த இடங்கள் வருமாறு: ஏழாமிடம், பொன், ஏழாமிடம், பொன், ஒன்பதாமிடம், ஆறாமிடம், பொன்! ஒரே அணிதானா இஃது என ஐயுறுவோர்க்கு விடை, அன்று என்பதே. கொடியும் பெயரும் நிற்க, ஆடுவோர் ஆண்டுக்காண்டு மாறுகின்றனர். இருபது வயதைக் கடந்தவனுக்கு அணியில் இடமில்லை. மூன்றாண்டு பயின்று வெளியேறும் மாணாக்கரைக் கொண்டு பந்தயமாடும் கல்லூரியார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

முதற்பொன் வந்த விதம் வேறு. 1980, 1981, 1984ஆம் ஆண்டுகளில் இரண்டாமிடம் பெற்று நின்ற பின்லாந்தினர், 1987இல் செக்கோஸ்லோவாகியா நாட்டில் கூடினர். அக்காலத்தில் இறுதிப் பந்தயம் என்பதில்லை. எட்டு அணிகளும் ஒன்றோடொன்று ஆடியபின் புள்ளிகளால் முதல்வர் தீர்மானிக்கப்படுவர். பியெஸ்டானி என்னும் ஊரில், ஜனவரி 4ஆம் நாள், கனடாவும் சோவியத் அணியும் பொருதன. ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்றால் பொன் தனக்கே என்ற நிலையிலிருந்த கனடா 4-2 என முந்தி நிற்க, ஆட்டம் கைகலப்பாக மாறிற்று. இருபுறத்து வீரரும் ஆசனங்களைவிட்டுக் களத்திற் குதித்தனர். அடக்குவாரின்றி விளக்குகளை அணைத்தும் அடி ஓயவில்லை. இரு அணிகளும் விலக்கப்பட்டன. ஏழு பந்தயங்களில் ஒன்றே தோற்றிருந்த பின்லாந்து முதலிடம் பெற்றது. அதனைத் தற்செயலாய்க் கிட்டிய பொன் என்பாரும் உளர். அஃது ஏற்கத்தக்கதன்று. பிறர் சண்டையிட்டது பின்லாந்தார் குற்றமாகுமோ? முன்னர் ஈட்டிய புள்ளிகள் அவர் உழைப்பினால் வந்தவையல்லவோ?

இரண்டாம் பொன்னும் நான்காம் பொன்னும் ஒன்றற்கொன்று நிழல் போன்றவை. 1998இலும் 2016இலும் களம் ஹெல்சிங்கி நகரமே, எதிரி ருஷியாவே, கூடுதல் நேரத்திலேயே முடிவு. முன்னதில் வெற்றிக்கோல் அடித்தவன் நிக்லாஸ் ஹாக்மன். பின்னதில் காஸ்பெரி காபனென். இருவரும் புகழ்பெற்ற ஹாக்கி வீரரின் புதல்வர். 2016இல் ஆட்டம் முடிய ஆறு விநாடிகளே இருக்க ருஷியர் சமன் செய்தனர். ஊரார் தலையிற் கைவைத்து நிற்கையில் காபனென் கோலின் பின்புறமாகச் சுற்றிவந்து வட்டை உள்ளே செலுத்தினான். இவற்றிற்கிடையே 2014இல் சுவீடனை அதன் மால்மோ நகரிலேயே வென்றதும் கூடுதல் நேரத்திலேதான்.

2016இல் ஆடிய பாத்ரிக் லைனே, ஜெஸ்ஸி புல்யுயார்வி இருவர்க்கும் அப்போது வயது பதினேழே. மறு ஆண்டும் ஆடற்குரிய வயதினராயினும் வட அமெரிக்கத் தொழில்முறை அணிகள் அவர்களைக் கொண்டு சென்றுவிட்டன. விளைவு கொடிது. 2017இல் முதல் மூன்று பந்தயங்களிலும் பின்லாந்து தோற்றது. போட்டி நடக்கும்போதே பயிற்சியாளர் நீக்கப்பட்டார். முந்திய ஆண்டின் முதல்வர், கீழ்ப்பிரிவுக்கு இறங்காதிருக்கப் போராடிய முதல் நிகழ்ச்சி அதுவே. லாத்வியாவை வென்று தப்பினர். அவ்விக்கட்டில் பொறுப்பேற்ற யுஸ்ஸி அஹோகஸ் என்பவரே 2019இல் வான்கூவர் நகரிற் பொன் பெற்றுத் தந்தார்.

அவ்வாண்டு கனடாவோடு ஆடிய காலிறுதியே என் மதிப்பில் எல்லாவற்றிலும் சிறந்தது. ஒரு நிமிடத்திற்கும் குறைவாக இருக்கையில் பின்லாந்தினர் 1-1 எனச் சமன் செய்தனர். கூடுதல் நேரத்தில் கனடாவுக்குக் கிடைத்த தண்டனை அடியைக் கோல் காப்போன் லூக்கொனென் தடுத்தான். பின்னர்க் கனடிய வீரன் ஒருவன் திறந்த கோலை நோக்கி ஓங்கிய மட்டை அவன் கையிலேயே முறிந்தது. சில விநாடிகளில் டோனி உதுனென் மறுபுறத்தில் வெற்றிக்கோல் அடித்தான். இறுதியில் அமெரிக்காவை 3-2 என வென்ற கோல் பதினேழு வயதுக் காப்போ காக்கோவினது. ஆட்டம் முடிய அப்போது ஒன்றரை நிமிடமும் இல்லை.

அதன்பின் இறுதிப் பந்தயங்களில் கூடுதல் நேரம் இவர்களைக் கைவிட்டது. 2022 ஆகஸ்டில் எட்மன்டனில் கனடாவிடம் 3-2 எனத் தோற்றனர். உள்ளே விழவிருந்த வட்டைக் கனடிய வீரன் கோட்டின்மேலேயே தட்டி விலக்கினான். 2025இல் ஓட்டாவா இறுதிப் பந்தயத்தில் 3-1 என முந்தியிருந்தும், அமெரிக்காவிடம் 4-3 எனக் கூடுதல் நேரத்தில் இழந்தனர். அன்று ஆடியோருள் மூத்தவர்க்கு இப்போட்டியில் அதுவே கடைசிப் பந்தயம்.