வாடிக்கையாளரை விற்றுவிடாதீர்கள்!

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. கல்குடாப் பக்கம் சிறு விடுதிகளும் பெருகின. ஏறாவூரில் வீடு, காணி உள்ளவர்களுக்கும் "நாமும் உல்லாசப் பயணிகளுக்குக் கொடுத்தால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பே. அது நல்ல வருமானம்தான். ஆனால், அதில் இறங்க முன்னர் காலி கோட்டையில் நடந்ததை நமது வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டும்.

காலி கோட்டை 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கு தலைமுறைகளாக வாழ்ந்தவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலும் பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரியும் அதற்குச் சாட்சி. வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கு இருந்த 100 வீத வரி 2002இல் நீக்கப்பட்டதும் பழைய வீடுகளுக்குக் கேள்வி கூடியது. நல்ல விலை வந்தது, பலர் விற்றனர். 2004இல் வரி மீண்டும் வந்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைப் பொதுவாகவே தடுத்தது. ஆனால், போன வீடுகள் போனவைதான். அவை ஹோட்டல்களாகவும் அலங்காரக் கடைகளாகவும் மாறின. குடும்பங்கள் மதிலுக்கு வெளியே குடிபெயர்ந்தன.

இதில் கடைக்காரருக்கு என்ன நட்டம்? ஒரு குடும்பம் மாதம் 40 ஆயிரம் ரூபாவுக்குச் சாமான் வாங்குகிறது என வைத்துக்கொள்வோம். தெருவில் 10 வீடுகள் விடுதியானால், வருடத்துக்கு 48 இலட்சம் ரூபா வியாபாரம் கைநழுவும். உல்லாசப் பயணி அரிசி மூட்டை வாங்குவதில்லை. பிள்ளைக்குப் பாடசாலைக் கொப்பியும் வாங்குவதில்லை. மாரி மழை தொடங்கினால் பாசிக்குடாவில் கூட்டமும் குறைந்துவிடும்.

நாட்டு நிலைமையும் ஒரேமாதிரி இருப்பதில்லை. 2018இல் சுமார் 23 இலட்சம் பயணிகள் இலங்கை வந்தனர். கொரோனாவுக்குப் பின் 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. அந்த நாட்களில் கடைகளைத் தாங்கியவர்கள் ஊர் மக்களே.

ஸ்பெயினின் பார்சிலோனா நகரம் இதைத் தாமதமாகவே உணர்ந்தது. வாடகை ஏறி, நகர மக்களுக்கே வீடு கிடைக்காமல் போனது. பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் 10,101 வீடுகளின் அனுமதியை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அந்நகர மேயர் 2024 ஜூனில் அறிவித்தார்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? வீட்டை விற்காதீர்கள். அதிலேயே குடியிருந்து, மேலதிகமாக உள்ள ஓரிரு அறைகளை மட்டும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்து வாடகைக்குக் கொடுங்கள். வாடகைக்கு இருக்கும் குடும்பத்தை அதற்காக எழுப்பாதீர்கள்.

அதைவிடப் பாதுகாப்பான வழியும் உண்டு. பாசிக்குடா ஹோட்டல்களுக்கு மீன், முட்டை, மரக்கறி, துணி வெளுப்பு எல்லாம் தேவை. அந்தக் கொந்தராத்துகளைப் பிடிக்க முயலுங்கள். பயணிகளின் பணம் ஊருக்கு வரும். ஊரும் ஊராகவே இருக்கும்.