கற்கருவியின் வயதை மண் எப்படிச் சொல்கிறது?

கோத்தகிரி அருகே அரவேணுவில் மழை பெய்யும்போது தகரக் கூரையின் ஓரத்தில் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக நிறையும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சொட்டுகிறது என்று தெரிந்தால், சேர்ந்த நீரை அளந்தே வாளியை எப்போது வைத்தீர்கள் என்று சொல்லிவிடலாம்.

ஆதி மனிதர் விட்டுச்சென்ற கற்கருவியின் காலத்தையும் இப்படிக் கணிக்கலாம். வாளி எது தெரியுமா? கருவியை மூடிய மணல் துகள்!

மண்ணில் இயல்பாகவே சிறிதளவு கதிரியக்கம் உண்டு. புதைந்த துகளுக்குள் அது ஆண்டுதோறும் துளித்துளியாக ஆற்றலைச் சேர்க்கிறது. வெயில் பட்டால் போதும், வாளி கவிழ்ந்துவிடும். ஆக, உள்ளே இருப்பது கடைசியாக வெயில் பட்டதற்குப் பிறகு சேர்ந்தது மட்டுமே.

அதனால்தான் மண்ணை ஒளி புகாத குழாயில் எடுக்கிறார்கள். ஆய்வகத்திலும் மங்கிய சிவப்பு விளக்குதான். பிறகு துகள்மீது ஒளி பாய்ச்சினால், சேமித்த ஆற்றல் மெல்லிய மினுக்கமாக வெளிவரும். அந்த மினுக்கம்தான் வாளி நீர்.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் இப்படி அளந்து 2018-இல் வெளியிட்ட முடிவு என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. அங்கே இடைப் பழங்கற்காலக் கருவிகள் தோன்றிச் சுமார் 3,85,000 ஆண்டுகள் ஆகின்றன!

நிரம்பிய வாளி அதற்கு மேல் கொள்ளாது அல்லவா? அதே ஊரில் இன்னும் ஆழத்தில் கிடைத்த, சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழைமையான கைக்கோடரிகளுக்கு வேறு முறை தேவைப்பட்டது.

கோத்தகிரிப் பக்கத்துக் கரிக்கையூர் பாறை ஓவியங்களுக்கும் இந்த வாளி உதவாது. அவை மண்ணுக்குள் புதையவில்லையே.