எதிரி மன்னனைப் பொம்மையாக்கும் கலை

போர்க்காலத்தில் எதிரி நாட்டுத் தலைவரைக் கேலிச்சித்திரமாக்குவதற்கு மூன்று சங்கதிகள் வேண்டும். பார்த்ததும் இன்னார் என்று தெரிய ஓர் அடையாளம். அவருடைய பெருமையையே கவிழ்த்துப்போடும் மிகைப்படுத்தல். ஊரார் கண்ணில் படும் ஓர் இடம். அச்சு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இம்மூன்றையும் கையாண்டிருக்கிறார்கள், இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோழர்கள்.

11ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய பெரும்பகை மேலைச் சாளுக்கிய மன்னன் முதலாம் சோமேசுவரன். போரில் மல்லன் என்று பொருள்படும் ‘ஆகவமல்லன்’ அவனுடைய விருதுப்பெயர். சோழர்கள் கைவைத்ததும் அந்தப் பெயரில்தான். சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன், தன்னிடம் வந்த சாளுக்கிய ஆட்களில் ஒருவனுக்கு ஐங்குடுமி வைத்து, இன்னொருவனுக்குப் பெண்ணுடை உடுத்தி, ஆகவமல்லன், ஆகவமல்லி என்று பெயர் சூட்டித் திருப்பி அனுப்பினான்.

பின்னர் ஆண்ட சோழ மன்னன் வீரராசேந்திரன் இன்னும் ஒரு படி மேலே போனான். கூடல் என்னும் இடத்தில் மோதிப் பார்ப்போம் என்று சோமேசுவரனே ஓலை அனுப்பினான். சோழன் படையோடு போய்க் கரந்தை என்னும் இடத்தில் ஒரு மாதம் காத்திருந்தான். அழைத்தவன் வரவில்லை. உடனே அவனைப் போல ஓர் உருவம் செய்து அவமானப்படுத்தினான் சோழன். தாம்பரத்தை அடுத்த மணிமங்கலம் கோயில் கல்வெட்டு இதைச் சொல்கிறது. பொம்மை எப்போதோ அழிந்திருக்கும். கேலி கல்லில் நின்றுவிட்டது.

இதே கலை ஐரோப்பாவில் அச்சேறியது. ஆங்கிலேய ஓவியர் ஜேம்ஸ் கில்ரே, பெரிய தொப்பிக்கு அடியில் துள்ளிக் குதிக்கும் குள்ளனாக நெப்போலியனை வரைந்தார். உண்மையில் நெப்போலியனின் உயரம் சுமார் 168 செ.மீ.; அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரருக்கு அது குறைவே இல்லை. இருந்தும் அவர் குள்ளர் என்றே உலகம் இன்றும் நம்புகிறது. லண்டனில் கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ வரைந்த ஹிட்லர் படங்களைப் பொறுக்க முடியாமல், 1937இல் ஜெர்மனிக்கு வந்த பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸிடம் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் முறையிட்டார். 1939 செப்டம்பரில் லோ வரைந்த படத்தில், கீழே ஒரு பிணம் கிடக்க, ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றி ஒருவருக்கொருவர் மரியாதையாக வணக்கம் சொல்கிறார்கள்.

ஆனால் கேலி சாட்சியம் ஆகாது. கடும் நோயுற்ற சோமேசுவரன் 1068 மார்ச் மாதம் குருவத்தியில் துங்கபத்திரை ஆற்றில் மூழ்கி உயிர் துறந்தான் என்கின்றன சாளுக்கியச் சான்றுகள். கூடலுக்கு அவன் வராமல் போனதற்கு அந்த நோயே காரணமாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். சோழர் கல்வெட்டை மட்டும் படிப்பவருக்கு அவன் வெறும் கோழை.

போர்க்காலக் கேலிச்சித்திரம் வரைந்தவரின் பகையையும் பயத்தையும் பிசகாமல் காட்டும். வரையப்பட்டவரைப் பற்றிய உண்மையை அதில் தேடக்கூடாது. இன்று கைப்பேசியில் அப்படி ஒரு படம் வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். நம்புவதற்கு முன் மறுதரப்பு என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.