ஒப்பந்தம் மட்டும் போதுமா?

தாராவியில் வியாபாரியிடம் தோல் வாங்கிவந்து, பை தைத்துக் கொடுத்துக் கூலி பெறும் தமிழர்கள் பலர். மாதச் சம்பளமும் இல்லை. நஷ்டத்தைத் தாங்க முதலாளியும் இல்லை. விவரமறிந்தவர்கள் கூலி, கெடு, சேதப் பொறுப்பு ஆகியவற்றை ஒப்பந்தமாக எழுதிக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அது மட்டும் போதுமா?

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வெள்ளத்தில் வியாபாரியின் தோலும் தைப்பவரின் தையல் மெஷினும் நாசமானால் என்ன செய்வது?

சாதாரண விவேகமுள்ளவர் தம் பொருளைக் காப்பதுபோல் காத்திருந்தால், பிறர் பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். ஆனால், 'எப்படிச் சேதமானாலும் ஈடு தருவேன்' என்று கையெழுத்திட்டிருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. சலுகை கிடைத்தாலும், பாழான மெஷினுக்குப் பதில் புதியது வாங்க ஒப்பந்தம் பணம் தராது.

அதற்குத்தான் இன்ஷூரன்ஸ். சிறு தொழில்களுக்கென 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' பாலிஸியில் தீ, வெள்ளம் இரண்டுக்கும் ஈடு உண்டு. பட்டறையில் பிறர் சரக்கு இருப்பதையும் பாலிஸியில் எழுதச் செய்வது அவசியம்.

யார் கொடுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தம் சொல்லும். கொடுக்கப் பணம் வேண்டுமே!