ஓலை வாசிக்கும் முன்

அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர்ச் சாலையிலே பேருந்துகள் நிரம்பி வழியும். கணவனின் நலத்துக்காகவும் பிள்ளைகளின் வாழ்வுக்காகவும் அங்காளம்மனை வேண்டி வரும் பெண்கள் எத்தனையோ பேர்! நம் கோயில்களிலே, பூசை முடிந்த பின்னும் மாதா சுரூபத்தின் முன் மெழுகுதிரியேற்றி நிற்கும் தாய்மாரின் மன்றாட்டும் அதுவே. குடும்பம் நோயின்றி வாழவேண்டும் என்பதுதான் இரு திறத்தாரின் ஏக்கமும். இப்பெண்கள் தங்கள் உடலைக் காத்துக்கொள்ள அறியவேண்டிய ஒரு செய்தியை மட்டும் நாம் வெட்கத்தினால் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். எச்.ஐ.வி. என்னும் கிருமியைப் பற்றியது அச்செய்தி.

1986 தந்த எச்சரிக்கை

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் மாநிலத்திலேதான். 'இது மேனாட்டு நோய். ஒழுக்கமுள்ள நம் நாட்டில் இதற்கு இடமில்லை' என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் இதனை ஆராயுமாறு கூறினார். முதலில் தயங்கிய நிர்மலாவை அவருடைய கணவரே ஊக்கப்படுத்தினார். பாலியல் தொழிலிலிருந்து மீட்கப்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்தம் சேகரிக்கப்பட்டது. அதைப் பாதுகாக்கத் தக்க இடம் வேறில்லாமையால், நிர்மலா தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த பரிசோதனையில் ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது.

அன்று நாடு திடுக்கிட்டது. ஆயினும் அந்த அதிர்ச்சியிலிருந்து நாம் கற்ற பாடம் பிழையானது. 'இது அத்தகைய பெண்களுக்கு வரும் நோய்; நம் வீட்டுக்கு வராது' என்று எண்ணி அமைதியடைந்தோம்.

வீட்டுக்குள் வந்த நோய்

அந்த எண்ணத்தைப் பொய்ப்பித்தவர்களுள் ஒருவர் கௌசல்யா பெரியசாமி. 1995இல் இளம்வயதில் மணமான அவருக்குக் கணவரிடமிருந்தே தொற்று வந்தது. அவர் வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. தம்மைப் போன்ற பெண்களை ஒன்றுகூட்டி, 1998இல் சென்னையில் நோயுற்ற பெண்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கினார். தம் கதையைத் தாமே ஊரறியச் சொன்னார்.

இந்தியாவில் இன்று ஏறத்தாழ 25 லட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்கின்றனர். அவர்களில் ஐவருக்கு இருவருக்கு மேல் பெண்கள். இவர்களில் பலர், தம் கணவரைத் தவிர வேறெவரையும் அறியாத மனைவியர். இதை மனத்தில் இருத்த வேண்டும். மனைவியின் பிரமாணிக்கம் மட்டும் அவளைக் காக்கப் போதாது. கணவனும் பிரமாணிக்கமாய் இருத்தல் வேண்டும். தவறியிருந்தால் அதை மறைக்காமல் பரிசோதனைக்கு முன்வரும் நேர்மையும் வேண்டும்.

பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று மாதக்கணக்கில் தனித்து வாழும் இளைஞர் நம் பக்கத்து ஊர்களில் உண்டு. திண்டிவனத்தைக் கடந்து செல்லும் லாரி ஓட்டுநர்களும் அவ்வாறே. அத்தொழில்களை நாம் பழிக்கவில்லை. தனிமையும் நண்பர் தூண்டுதலும் எவரையும் வீழ்த்தக்கூடும் என்பதையே நினைவூட்டுகிறோம்.

தடை ஏதும் உண்டா?

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, 'தடை ஏதும் அறிந்தோர் தெரிவிக்கவும்' என்று கேட்கிறோம். உறவு முறையை ஆராய்கிறோம். நகை, சீர் பற்றி நாள்கணக்கில் பேசுகிறோம். மணமக்கள் இருவரும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது பற்றிப் பேச மட்டும் நாவெழுவதில்லை. பெண்ணைப் பெற்றவர் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் அவமதிப்பாகக் கொள்வார்களோ என்ற அச்சம்!

இருவரும் சேர்ந்து, ஒருவர்மீது ஒருவர் வைத்த அன்பினால், தாமே விரும்பிச் செய்துகொள்ளும் பரிசோதனையில் அவமதிப்பு ஏது? அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இது இலவசமாய்ச் செய்யப்படுகிறது. முடிவு இரகசியமாய்க் காக்கப்படும். கிருமி புகுந்த முதற்சில வாரங்களில் பரிசோதனை அதைக் காட்டாமற் போகலாம். எனவே ஐயமுள்ளவர் மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். எவரையும் வற்புறுத்திச் சோதிக்கவோ, முடிவைப் பிறருக்கு வெளியிடவோ கூடாது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதைத் தெளிவாக்கியுள்ளது. நோயைக் காரணங்காட்டி வேலையோ பள்ளியோ மறுத்துப் பாகுபாடு காட்டுவதையும் அச்சட்டம் தடைசெய்கிறது.

கருவுற்ற தாய்மாருக்கு

கருவுற்ற பெண் தொடக்கத்திலேயே எச்.ஐ.வி.க்கும், மேகநோய் எனப்படும் சிபிலிசுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுதல் மிக அவசியம். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து மருத்துவம் எதுவும் செய்யாவிட்டால், நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகளுக்கு அது தொற்றலாம். தாய் முறையாக மருந்துண்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், இது ஐந்துக்கும் கீழே குறைகிறது. ஒரு சிறு ஊசிக் குத்தலைப் பொறுத்துக்கொள்வதால் ஓர் உயிரின் எதிர்காலமே மாறுகிறதென்றால், அதைத் தள்ளிப்போடலாமா?

பிறப்புறுப்பில் புண், மிகுதியான வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி ஆகியவற்றைப் பல பெண்கள் வெளியே சொல்வதில்லை. பாலுறவால் பரவும் பிற நோய்கள் இருந்தால் எச்.ஐ.வி. எளிதில் தொற்றும். ஆகையால் தாமதமின்றி மருத்துவரை நாடவேண்டும். கணவனும் உடன் சென்று மருத்துவம் பெறாவிட்டால் நோய் மீண்டும் வரும்.

பிள்ளைகளிடம் யார் சொல்வது?

திருமணத்துக்கு முன் தூய்மை, பின் பிரமாணிக்கம் என்பதே நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது. அதனோடு உண்மையையும் கற்பிக்க வேண்டும். பாதுகாப்பற்ற உடலுறவு, ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துதல், சோதிக்கப்படாத இரத்தம் ஆகியவற்றாலும், தாயிடமிருந்து சேய்க்கும் இக்கிருமி பரவும். ஆணுறையை முறையாகப் பயன்படுத்தினால் தொற்று பெரிதும் தடுக்கப்படுகிறது என்பது மருத்துவ உண்மை. அதை மறைப்பதால் அறியாமை மட்டுமே வளரும். சேர்ந்து உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, கொசுக்கடியாலோ இது பரவாது. தாயும் தந்தையும் சொல்லாததைத் தெருவும் கைபேசியும் தவறாகச் சொல்லிவிடும்.

கைவிடலாகாது

2004 ஏப்ரல் முதல் அரசு இலவசக் கூட்டு மருந்து வழங்கிவருகிறது. நாள்தோறும் அதை உண்டு, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. நோயுற்றவர் உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, முதுமை காண இன்று வழியுண்டு. அவர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவது பெரும்பாலும் நம் நாவுக்கு அஞ்சியே. தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரின் பிள்ளைகள், அடுத்த வீட்டு விதவையின் பாத்திரத்தைத் தனியே வைக்கலாமா?

நம் பங்குகளில் திருமண ஆயத்த வகுப்பு நடக்கும்போதும் மாதர் சங்கம் கூடும்போதும், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் செய்வோம். ஆண்களையும் தவறாமல் அமரச் செய்வோம். கேட்கத் தயங்குவோர் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்டறியலாம். அடுத்த ஓலை நம் கோயிலில் வாசிக்கப்படும் முன், நம் வீடுகளில் இப்பேச்சு தொடங்கட்டும்.