திறக்கப்பட்ட பூட்டுகள் கற்பித்த பாடம்

எந்தப் பூட்டாக இருந்தாலும் அதன் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். கதவை நிலையோடு பிணைக்கும் ‘நாக்கு’ எனப்படும் உலோகத் துண்டை அசையவிடாமல் ஒரு தடை பிடித்துக்கொண்டிருக்கிறது. உரிய சாவி அந்தத் தடையை விலக்குகிறது. சாவியல்லாத வேறொன்றால் அதே தடையை விலக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதே பூட்டின் தரத்தை முடிவு செய்கிறது. அந்த நேரத்தைக் கூட்டும் கலை, பூட்டின் அமைப்பை மறைத்து வைத்ததால் வளரவில்லை. வல்லவர்கள் பலர் அறியப் பூட்டுகளைத் திறந்து காட்டியதாலேயே வளர்ந்தது.

ரோமானியர் காலம் முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் பெரிதும் வழங்கிய பூட்டில், சாவி சுழலும் பாதையின் குறுக்கே வளைந்த தகடுகள் நிறுத்தப்பட்டிருக்கும். அத்தகடுகளுக்கு ஏற்ற வெட்டுகள் கொண்ட சாவியே முட்டாமல் சுழன்று நாக்கைத் தள்ளும். ஆனால் நாக்கைத் தொடுவது சாவியின் நுனி மட்டுமே என்பதால், நடுப்பகுதியை அராவி நீக்கிய ஒல்லியான கள்ளச்சாவி ஒன்று தகடுகளைத் தாண்டிச் சென்று இத்தகைய பல பூட்டுகளைத் திறந்துவிடும். அத்தகடுகள் சாவியை மறித்தனவே தவிர, நாக்கைப் பிடித்திருக்கவில்லை.

இக்குறையை நீக்கியது லீவர் பூட்டு. இதில் ஒரு முனையில் பொருத்தப்பட்டு மேலும் கீழும் அசையக்கூடிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும், இவையே லீவர்கள். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வாய் வெட்டப்பட்டிருக்க, நாக்கிலிருந்து நீண்டிருக்கும் முளை அந்த வாய்களின் வழியே சென்றாக வேண்டும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்கும்போது எல்லா வாய்களும் ஒரே நேர்கோட்டில் அமைந்து முளைக்கு வழிவிடுகின்றன. இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை பெற்ற பூட்டில், லீவரைக் குறைவாகத் தூக்கினாலும் திறக்காது, கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. 1817இல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்த திருட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு அறிவித்த போட்டியை ஒட்டி, ஜெரமையா சப் 1818இல் மேலும் ஒரு காவலைச் சேர்த்தார். அளவுக்கு மேல் தூக்கப்பட்ட லீவரை ஒரு ஸ்பிரிங் கவ்விப்பிடித்துப் பூட்டையே முடக்கிவிடும். யாரோ கைவைத்திருக்கிறார் என்பது உரியவருக்கு அதனால் தெரிந்துவிடும்.

இதற்கு முன்பே, 1784இல், ஜோசப் பிரமா உருளை வடிவப் பூட்டொன்றை உருவாக்கியிருந்தார். குழல் போன்ற அதன் சாவி, வட்டமாக நிற்கும் மெல்லிய தகடுகளை வெவ்வேறு ஆழத்துக்கு உள்ளே தள்ளினால்தான் உருளை சுழலும். 18 தகடுகள் கொண்ட ஒரு பூட்டை லண்டன் பிக்காடிலியில் இருந்த அவருடைய கடையின் சன்னலில் வைத்து, அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பரிசை எவரும் பெறவில்லை.

1851இல் லண்டனில் நடந்த உலகப் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் இரண்டு பூட்டுகளையும் வென்றார். சப்பின் பூட்டுக்கு 25 நிமிடங்கள் போதுமானதாக இருந்தன. பிரமாவின் பூட்டுக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் தேவைப்பட்டது. அவர் கையாண்ட வழி இயற்பியல் சார்ந்தது. நாக்கைத் திறக்கும் திசையில் மெல்ல அழுத்தினால் எல்லா லீவர்களும் ஒரே சமயத்தில் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும்; ஆனால் எந்தக் கையும் எந்த எந்திரமும் இரண்டு உறுப்புகளை மயிரிழை வேறுபாடின்றிச் செய்துவிட முடியாது என்பதால், ஒரு லீவர் மற்றவற்றைவிட முந்திக்கொண்டு இறுக்கமாக நிற்கும். அதை விரலுணர்வால் கண்டறிந்து, இளகும் வரை தூக்கினால், இறுக்கம் அடுத்த லீவருக்கு மாறும். இவ்வாறு ஒவ்வொன்றாகத் தேடும்போது கணக்கே மாறிவிடுகிறது. ஐந்து உறுப்புகளுக்குப் பத்துப் பத்து உயரங்கள் இருந்தால் மொத்தச் சேர்க்கைகள் 1,00,000; ஆனால் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே சரிபார்க்க முடிந்தால் அதிகபட்சம் 50 முயற்சிகளில் வேலை முடிந்துவிடும். பெருக்கலாக இருந்த பாதுகாப்பு கூட்டலாகச் சுருங்கிவிடுகிறது. சப்பின் காவல் ஸ்பிரிங்கும் ஹாப்ஸுக்கு உதவியது. எந்த உயரம் மிகையானது என்பதை அதுவே அவருக்கு அறிவித்துக்கொண்டிருந்தது.

இத்தகைய செய்திகளை வெளியிடுவது திருடர்களுக்குத் துணைபோவதாகும் என்ற எதிர்ப்பு அப்போது எழுந்தது. ஹாப்ஸ் தந்த செய்திகளைக் கொண்டு 1853இல் வெளிவந்த, சார்லஸ் டாம்லின்சன் பதிப்பித்த நூல் அதற்குப் பதில் அளித்தது. திருடர்கள் தங்கள் தொழிலை ஏற்கெனவே நன்கு அறிந்தவர்கள். குறைகளை மறைத்தால் ஏமாறுபவர் பூட்டை நம்பி வாங்கும் நல்லவர் மட்டுமே என்பது அந்நூலின் வாதம். மறைமொழியியலில் 1883இல் ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் வகுத்த நெறியும் இதனோடு ஒத்துப்போகிறது: ஓர் அமைப்பின் செயல்முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி தெரியாதவரை அது பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

இன்று உலகெங்கும் வழங்கும் ஊசிப் பூட்டு இந்நெறிக்கு நல்ல சான்று. பண்டைய எகிப்தில் மரத்தால் செய்யப்பட்ட ஒரு முறையை லைனஸ் யேலும் அதே பெயர் கொண்ட அவர் மகனும் உலோகத்துக்குக் கொண்டுவந்தனர்; தட்டைச் சாவியோடு கூடிய இன்றைய வடிவம் மகனுடைய 1860களின் காப்புரிமைகளிலிருந்து வந்தது. சுழலும் உள்ளுருளைக்கும் அசையாத வெளியுறைக்கும் குறுக்கே, இரு துண்டுகளாக வெட்டப்பட்ட ஊசிகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கின்றன. சாவியின் மேடுபள்ளங்கள் ஒவ்வோர் ஊசியின் வெட்டிடத்தையும் உருளையின் விளிம்புக்கு நேராகக் கொண்டுவரும்போது உருளை சுழல்கிறது. ஒரேயொரு ஊசி இம்மி உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் சுழற்சி தடைப்படும். இந்த அமைப்பு யாவரும் அறிந்ததே. அதன் வலிமை ஊசிகளின் எண்ணிக்கையிலும் வேலைப்பாட்டின் துல்லியத்திலும் அடங்கியிருக்கிறது.

சாவித் துவாரமே இல்லாத எண் பூட்டில், அச்சில் சுழலும் வட்டுகளின் வெட்டுகள் ஒரே வரிசைக்கு வந்தால்தான் நாக்கு விடுபடும். அங்கே எண்ணை அறிந்த மனிதரே பலவீனமான இடமாகிறார். அமெரிக்காவில் கொள்ளையர்கள் வங்கி ஊழியரை மிரட்டி எண்ணைப் பெற்ற நிலையில், ஜேம்ஸ் சார்ஜென்ட் 1873இல் காலப் பூட்டை உருவாக்கினார். குறித்த மணி வரும்வரை உரியவராலும் திறக்க முடியாது என்பதால், அவரை மிரட்டுவதில் பயனில்லாமல் போனது. பெட்டகங்களின் தரமும் நேரத்தாலேயே அளக்கப்படுகிறது: அமெரிக்காவின் யூ.எல். நிறுவனம் வழங்கும் டி.எல்.-15, டி.எல்.-30 தரச்சான்றுகளில் உள்ள எண்கள், கருவிகளோடு தாக்கும் வல்லுநர்களைப் பெட்டகம் எத்தனை நிமிடங்கள் தாக்குப்பிடித்தது என்பதையே குறிக்கின்றன.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும், அதன் புகழ்பெற்ற மாங்காய்ப் பூட்டு உட்பட, லீவர் முறையில் அமைந்ததே. கைவினைஞர் லீவர்களை அரத்தால் அராவி, சாவியோடு பொருத்திப் பார்த்துச் சரிசெய்வதால் ஒவ்வொரு பூட்டும் தனக்கென ஓர் அளவைப் பெறுகிறது. ஹாப்ஸ் தேடிய இடைவெளியை எவ்வளவு குறைக்கிறதோ அவ்வளவுக்கு அந்த அராவல் காவலாகிறது; அவ்வுழைப்புக்கு உரிய விலை கொடுப்பது மரபைப் போற்றுவது மட்டுமன்று, பாதுகாப்பை வாங்குவதுமாகும்.

கைப்பேசியால் திறக்கும் மின்னணுப் பூட்டுகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். தன் அமைப்பு இரகசியமானது, ஆகவே பாதுகாப்பானது என்று கூறும் தயாரிப்பாளரைவிட, தன் பூட்டைப் பிறர் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லி, வெளிப்பட்ட குறையைத் திருத்தித் தருபவரே நம்பத்தக்கவர்.