இணையத்தளமும் விளம்பர வருவாயும்

சென்ற ஆண்டு ஒரு நாள், பாடம் முடிந்து ஏனையோர் கலைந்த பின்னும், உயர்தர வகுப்பில் வர்த்தகம் பயிலும் மாணாக்கன் ஒருவன் என் மேசையருகே தயங்கி நின்றான். பரீட்சைக்கு ஏழு மாதங்கள் இருந்தன. வினாத்தாள் பற்றி ஏதோ கேட்க வருகிறான் என எண்ணினேன். அவன் கேட்டது வேறு.

இணையத்தளம் ஒன்றைத் தொடங்கி, அதில் விளம்பரங்களை இடுவித்தால் வீட்டிலிருந்தவாறே மாதந்தோறும் டொலரிற் பணம் ஈட்டலாம் என்று அவனுக்கு யாரோ கூறியிருக்கின்றனர். அது மெய்யாயின், பாடசாலைப் படிப்பை இத்துடன் நிறுத்திவிடலாம் என்பது அவன் எண்ணம். தந்தையார் வெங்காயச் செய்கைக்காரர். வீட்டிற் பெண்பிள்ளைகள் இருவர். "இது உண்மையா, சேர்? அல்லது ஏமாற்றா?" என்று கேட்டான்.

ஏமாற்று அன்று என்பதை யான் அறிவேன். ஆயினும் "உண்மை" என்று ஒரு சொல்லில் விடையிறுக்கவும் மனம் துணியவில்லை. பொருளியல் கற்பிப்பவனுக்கு இத்தகைய வினா ஒரு சோதனையேயாகும். அன்று அவனுக்குக் கூறியவற்றையும், கூற மறந்தவற்றையும், இவ்வினா இன்று பல வீடுகளில் எழுவதால், ஈண்டு எழுதலானேன்.

முதலில், இவ்வியாபாரத்தில் விற்கப்படும் பண்டம் யாது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இதற்கு இணையம் வரை செல்ல வேண்டியதில்லை. தங்கள் கையிலுள்ள இப்பத்திரிகையே போதுமானது. ஒரு பத்திரிகையின் கடதாசிக்கும் மைக்கும் உழைப்புக்கும் ஆகும் செலவு முழுவதையும் வாசகரே கொடுப்பதாயின் அதன் விலை எவ்வளவோ உயர்ந்துவிடும். எஞ்சிய பங்கைக் கொடுப்போர் விளம்பரதாரர். இவ்வழியை நன்கு கண்டவர் நியூயோர்க் நகரத்தில் 1833ஆம் ஆண்டு 'த சன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கிய பெஞ்சமின் டே. ஏனைய பத்திரிகைகள் ஆறு சதத்துக்கு விற்றபோது அவர் ஒரு சதத்துக்கு விற்றார். அவர் வாசகருக்குப் பத்திரிகையை விற்றார். விளம்பரதாரருக்கோ வாசகரையே விற்றார் எனலாம். இணையத்தளம் நடத்துவோர் செய்வதும் இதுவே. எழுத்தும் படமும் தூண்டிலில் இடும் இரை. விலைபோவது வாசகரின் கவனம்.

இணையத்தில் இப்பண்டம் கடைக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1994 ஒக்ரோபர் 27ஆந் தேதி அமெரிக்காவில் 'ஹொட்வயர்ட்' என்னும் இணையச் சஞ்சிகை, தன் பக்கங்களின் தலைப்பில் நீண்டு ஒடுங்கிய விளம்பரப் பட்டிகைகளுடன் வெளிவந்தது. அவற்றுள் தொலைபேசிக் கம்பனி ஒன்றின் விளம்பரத்தைக் கண்டவர்களுள் நூற்றுக்கு 44 பேர் அதனை அழுத்திப் பார்த்தனர் என்று கூறுவர். புதுமையின் கவர்ச்சி அது. இன்று அத்தகைய பட்டிகையை நூற்றில் ஒருவர் அழுத்தினாலே பெரிது.

ஆரம்பத்தில் விளம்பரம் தேடுவதற்குத் தள உரிமையாளரே கம்பனிகளின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. சிறியவர்களுக்கு அது இயலாத காரியம். கூகிள் நிறுவனம் 2003இல் 'அட்சென்ஸ்' என்னும் முறையை வெளியிட்டதே பெரிய திருப்பம். உங்கள் தளத்தில் ஒரு சிறு கணினிக் குறிப்பைச் சேர்த்துவிட்டால் விளம்பரங்கள் தாமாகவே வந்து அமரும். அவற்றைத் தெரிவு செய்வது ஓர் ஏலம். எமது கடற்கரைகளில் வள்ளம் கரையேறியதும் மீனை மணலிற் குவித்து ஏலம் கூறுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். இங்கே ஒரு வாசகர் ஒரு பக்கத்தைத் திறக்கும் அக்கணமே மீன் குவியல். சுற்றி நின்று விலை கேட்போர் கணினிகள். கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் முடிந்து, வென்றவரின் விளம்பரம் திரையில் தோன்றிவிடுகிறது.

வள்ளக்காரருக்கு எவ்வளவு, ஏலம் கூறுவோருக்கு எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி. விளம்பரதாரர் தரும் நூறு டொலரில் தள உரிமையாளருக்கு 68 டொலர் என்று கூகிள் 2010இல் வெளிப்படுத்தியது. 2024இல் கணக்கிடும் முறை மாறிய போதிலும் உரிமையாளரின் கைக்கு வருவது ஏறத்தாழ அதே அளவுதான் என்று அந்நிறுவனம் கூறியுள்ளது. யூடியூப்பில் நீண்ட காணொளிகளுக்கு 55. அங்கும் எவரும் உடனே பங்கு பெறல் இயலாது. ஆயிரம் சந்தாதாரரும், கடந்த பன்னிரண்டு மாதங்களில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் வேண்டும் என்ற விதி 2018 முதல் உண்டு. குறுங்காணொளிகளுக்கு வேறு கணக்கு.

நூற்றுக்கு 68 என்பது நல்ல வாரம் போலத் தோன்றும். எமது ஊரில் வாரத்துக்குக் கமஞ்செய்வோன் இதிலும் குறைவாகப் பெற்ற காலங்கள் உண்டு. ஆனால் பங்கு பெரிதாயிருத்தல் வேறு, விளைச்சல் பெரிதாயிருத்தல் வேறு. உதாரணமாக, ஆயிரம் பார்வைக்கு அரை டொலர் கிடைக்கிறது என வைத்துக்கொள்வோம். கூகிள் நூறு டொலர் சேர்ந்த பின்பே பணத்தை அனுப்பும். நூறு டொலருக்கு இரண்டு இலட்சம் பார்வைகள் வேண்டும். இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது என் மாணாக்கனின் முகம் சற்று வாடிற்று.

அந்த அரை டொலர்தானும் எல்லோருக்கும் ஒன்றன்று. வாசகர் எந்நாட்டில் இருக்கிறார், எதைப் பற்றி வாசிக்கிறார், அவருக்குப் பொருள் விற்க எத்தனை பேர் போட்டியிடுகின்றனர் என்பவற்றால் விலை மாறும். அமெரிக்காவிற் காப்புறுதி பற்றி எழுதிய பக்கமும், வவுனியாவில் வாசிக்கப்படும் சமையற் குறிப்பும் ஒரே விலை போகா. தமிழ்ப் பக்கங்களை அட்சென்ஸ் முறைப்படி ஏற்றுக்கொண்டதே 2018 பெப்ரவரியில்தான். அதே தமிழ்ப் பக்கத்தை ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள எம்மவர் திறக்கும்போது, அந்நாட்டு விளம்பரதாரர் ஏலத்துக்கு வருவதால் விலை ஏறுவதுண்டு. புலம்பெயர்ந்தோர் படிக்கும் தமிழ்த் தளங்களின் கணக்கில் இது சிறிய விஷயமன்று.

விதிகளையும் கூறிவிடுகிறேன், பிள்ளைகள் இவற்றில் இடறுவது அதிகம். தன் தளத்து விளம்பரத்தைத் தானே அழுத்துதல், நண்பரை அழுத்தச் சொல்லுதல் இரண்டும் குற்றம். இயந்திரம் இதனை எளிதிற் கண்டுகொள்ளும்; கணக்கை மூடிவிடும்; சேர்ந்த பணமும் கிடையாது. பிறர் எழுதியதைப் பிரதி செய்து இடுவோர்க்கும் இடமில்லை. பதினெட்டு வயது நிரம்பாதோர் பெற்றோர் பெயரிலேயே கணக்குத் தொடங்கல் வேண்டும்.

இந்நிலையில் மாணாக்கன் ஓர் எதிர்வாதத்துடன் வந்தான். இங்கிலாந்தில் அலெக்ஸ் டியூ என்னும் இளைஞர், பல்கலைக்கழகச் செலவுக்குப் பணம் தேடி, 2005 ஓகஸ்டில் ஒரே ஒரு பக்கமுள்ள தளத்தைத் தொடங்கினார். அப்பக்கத்தைப் பத்து இலட்சம் நுண்புள்ளிகளாகப் பிரித்து, புள்ளி ஒரு டொலராக விளம்பரதாரருக்கு விற்றார். 2006 ஜனவரியில் கடைசி ஆயிரம் புள்ளிகள் மாத்திரம் ஏலத்தில் 38,100 டொலருக்குப் போயின. மொத்தம் 10,37,100 டொலர்! கதை முற்றிலும் மெய். ஆனால் அவர் விற்றது இடத்தையன்று, புதுமையை. மறு மாதமே அதைப் பின்பற்றி எழுந்த தளங்களை எவரும் திரும்பியும் பார்க்கவில்லை. வாங்கியோரின் தளங்களிற் பல இன்று இல்லை. அந்தப் பக்கத்திற் பல சதுரங்கள் அழுத்தினால் எங்கும் செல்லாத வெற்றுக் கதவுகளாய் நிற்கின்றன. "நீயும் ஒரு புதுமை கண்டால் எனக்கும் சொல்லு, தம்பி" என்றேன். அவன் சிரித்தான்.

தனியொருவர் எழுதும் தளத்தைக் காட்டிலும், பலர் கூடிப் பேசும் தளங்களின் கதை என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அமெரிக்கர் ஒருவர் 1999இல் தொடங்கிய 'மெட்டாபில்டர்' அத்தகையதொரு கூடம். அங்கத்தவர் கேள்வி கேட்பர். ஏனைய அங்கத்தவர் தம் அனுபவத்திலிருந்து பொறுமையாக விடை எழுதுவர். ஐந்து டொலர் கட்டிச் சேரல் வேண்டுமென 2004இல் விதித்தமையால் வீணர் கூட்டம் குறைவு. அவ்விடைகளைத் தேடி வரும் வெளியாருக்கு விளம்பரம் காட்டப்பட்டது. அந்தப் பணத்தில் ஒழுங்கு காக்கும் பணியாளருக்குச் சம்பளம் கிடைத்தது. தேடுவோரை அனுப்பி வைத்ததும் கூகிள், விளம்பரம் கொடுத்ததும் கூகிள். 2012 நவம்பரில் ஒரு நாள், அங்கு வருவோர் தொகை நூற்றுக்கு 40 அளவு திடீரெனச் சரிந்தது. அங்கத்தவர் ஒரு தவறும் செய்யவில்லை. தேடற் பட்டியலைத் தயாரிக்கும் முறையில் எங்கோ ஏற்பட்ட மாற்றத்தின் விளைவு அது. 2014 மேயில் பணியாளர் சிலரை நிறுத்த நேர்ந்தது. அதன் பின்னர் அங்கத்தவர் பலர் மாதந்தோறும் சிறுதொகை வழங்கி அக்கூடத்தைக் காத்தனர்.

பிறர் நிலத்தில், பிறர் வாய்க்கால் நீரில் பயிரிட்டவன் நிலை இது. வாய்க்காலைத் திருப்புவோர்க்கு அவன் பெயர்தானும் தெரியாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அங்கத்தவர் இலவசமாக எழுதுகின்றனர். அவ்வெழுத்தின் பக்கத்தில் விளம்பரம் இட்டுப் பெறும் பணம் யாருடையது? விக்கிப்பீடியா தொடங்கி ஓராண்டு ஆகியிருந்த காலம். அப்போது ஒரு தனியார் கம்பனியே அதன் செலவைத் தாங்கிற்று. விளம்பரம் இடப்படலாம் என்ற பேச்சு 2002 பெப்ரவரியில் எழுந்ததும், ஸ்பானிய மொழிப் பகுதியில் எழுதிவந்த தொண்டர்களிற் பலர் எழுந்து சென்றுவிட்டனர். செவில் பல்கலைக்கழகத்தின் கணினியில் தமக்கென வேறொரு கலைக்களஞ்சியத்தை நிறுவினர். "எங்கள் உழைப்பை விற்க உமக்கு உரிமையில்லை" என்பதே அவர்கள் செயலின் பொருள். விக்கிப்பீடியா இன்றளவும் விளம்பரமின்றி நன்கொடையால் நடக்கிறது. எமது மண்ணிற் பிறந்த இ. மயூரநாதன் அவர்கள் 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதிக் குவித்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளும் விளம்பரப் பணத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. மறுபுறம், 'ரெடிட்' என்னும் பெருங்கூடம் 2024இல் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அதன் வருமானத்திற் பெரும்பங்கு விளம்பரத்தால் வருவது. அங்குள்ள குழுக்களை ஒழுங்கு செய்வோரிற் பெரும்பாலோர் ஊதியமற்ற தொண்டர்கள். எது முறை என்று என் மாணாக்கர் வகுப்பில் வாதிட்டனர். மணி அடிக்கும் வரை முடிவு காணவில்லை. எனது சார்பு செவில் சென்றவர்கள் பக்கம். ஆயினும் மெட்டாபில்டரிற் சம்பளம் இழந்தோரை நினைக்கும்போது அதையும் உரத்துச் சொல்லத் தயங்குகிறேன்.

அந்த மாணாக்கன் பாடசாலையை விடவில்லை. பழைய கணக்கீட்டு வினாத்தாள்களுக்குத் தமிழில் தானே விடை செய்து, படிப்படியாக விளக்கி, இரவில் ஒரு மணிநேரம் தன் தளத்தில் எழுதத் தொடங்கினான். ஓரிரு பிழைகளை யான் திருத்திக் கொடுத்ததுண்டு. நன்றாகவே எழுதினான், எழுதி விளக்குவதால் தனக்கே பாடம் தெளிகிறது என்றான்.

ஐந்து மாதங்களின் பின் ஒரு மாலை, அவன் தந்தையார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"மாஸ்ரர், வெளிநாட்டிலயிருந்து என்ர பேருக்குக் கடதாசி வந்திருக்குது. பெடியன் ஏதும் கடன் கிடன் எடுத்திட்டானோ?"

விரித்துப் பார்த்தேன். கணக்கில் பத்து டொலர் சேர்ந்ததும், முகவரி மெய்யானதா என்று அறியக் கூகிள் தபாலில் அனுப்பும் கடிதம் அது. உள்ளே ஆறு இலக்கங்கள். மகனின் தளத்தால் வந்த வருமானம் இது என்றும், அவன் வயதின் பொருட்டு அவர் பெயரிற் கணக்கு இருப்பதாகவும் விளக்கினேன். பத்து டொலர் எவ்வளவு என்று கேட்டார். ஏறத்தாழ மூவாயிரம் ரூபா என்றேன். அதை வெங்காயத்தில் மாற்றிக் கணக்கிட்டார் போலும். சிறிது நேரம் பேசவில்லை.

"எத்தின மாசத்துக்கு?"

"ஐந்து."

கடிதத்தை மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். படலை வரை சென்றவர் திரும்பி நின்று, "சோதினை எப்ப, மாஸ்ரர்?" என்று கேட்டார்.